மைக்கை மூடுகிறவன் அக்காவுக்கு எழுதியது

கேன்ஃபர்ட், ஒஹாயோ
திங்கட்கிழமை மாலை, ஆறு மணி

பிரியத்துக்கும் கொஞ்சம் பயத்துக்கும் உரிய பெர்னிஸ் அக்காவுக்கு,

உன் தம்பி இர்வின் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் லோயிஸும், கண் படாமல் இருக்கட்டும், என் இடது முழங்கால் நீங்கலாக மற்ற எல்லா பாகங்களிலும் சௌக்கியம். அங்கே ஃபுளோரிடாவில் நீயும் உன் பூனையும், புதிதாகக் காதில் வைத்த கருவியும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீ அனுப்பிய ஆரஞ்சுக் கூடை பத்திரமாக வந்து சேர்ந்தது. பன்னிரண்டில் மூன்று அழுகல். அதை உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று லோயிஸ் சொன்னாள், ஆகையால் சொல்லவில்லை.

போன் இருக்கும்போது இவன் எதற்குக் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறான் என்று நீ யோசிப்பாய். போனில் பேசினால் லோயிஸ் காதில் விழும். லோயிஸ் காதில் விழுந்தால் மறுநாள் காலை சபை முழுக்கத் தெரியும். இந்த விஷயம் உன்னைத் தவிர வேறு ஒரு ஜீவனுக்கும் தெரியக்கூடாது, அக்கா. கடிதம்தான் சத்தம் போடாது. நம் அப்பா மாதிரி எனக்கும் ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுச் சொல்லிச் சொல்லித்தான் எழுத வருகிறது, ஆனால் அதனால் பயம் ஒன்றும் இல்லை, லோயிஸ் மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறாள். மாலை ஜெபம் இப்போதுதான் முடிந்தது. முடிந்ததும் ஓர் அரைமணி நேரம் அவரவர் வீட்டில் அவரவர் ஹெர்ரிங் மீனையும் பிஸ்கட்டையும் தின்றபடி திரையில் பேசிக்கொண்டிருப்பது இப்போது இங்கே வழக்கமாகிவிட்டது. கூட்டத்தை நடத்துகிறவன் நான் என்பதால் நான் போனால் எல்லோரும் போய்விட வேண்டியதுதான். அதனால் என் டேப்லெட்டைச் சாப்பாட்டு மேஜையில் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு, அது பாட்டுக்கு இருக்கட்டும் என்று உனக்கு எழுதுகிறேன். சால் கவர்ஸ்கி தன் பனி வாரும் இயந்திரத்தைப் பற்றி ஆரம்பித்துவிட்டான். இது ஏழு மணி வரை போகும்.

நான் சபையில் பெரிய பொறுப்பில் இருப்பதாக உன் சிநேகிதிகளிடம் சொல்லி வைத்திருக்கிறாய். அது என்ன பொறுப்பு என்று இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். நான் மைக்கை மூடுகிறவன். நாற்பது வருஷம் குழாய் சாமான் கடை வைத்திருந்தவனுக்குத் திறப்பதும் மூடுவதும் கைவந்த வேலையாக இருக்கும் என்று ரபி நாவா நினைத்திருக்க வேண்டும். பாவம் அந்தப் பெண், முப்பத்தொரு வயது, நம் யூத ஜெப ஆலயத்துக்கு ரபியாக வந்து எட்டே வாரத்தில் தொற்றுநோய் வந்து கதவைப் பூட்டினோம், அன்றிலிருந்து பத்து மாதமாகத் திரையில்தான் சபை. ஜெபம் நடக்கும்போது யார் வீட்டு நாய் குரைத்தாலும், யார் மூக்கைச் சிந்தினாலும், யார் பெண்டாட்டியோடு சண்டை போட்டாலும் நான் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும், அங்கே சத்தம் நின்றுவிடும். முதல் ஒரு மாதம் எனக்கு இது ரொம்பப் பிடித்திருந்தது என்பதை மறைக்க மாட்டேன். சால் வாயை ஒரு விரலால் மூட முடியும் என்று அறுபது வருஷத்துக்கு முன்னாலேயே தெரிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். சால் உனக்கு நினைவிருப்பான். பள்ளிக்கூடத்தில் உன் பின்னாலேயே புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு சுற்றினானே, அவனேதான். இப்போது தலையில் முடி இல்லை, மற்றபடி மாற்றம் ஒன்றும் இல்லை.

எல்லாவற்றுக்கும் சலுகை உண்டு, இறந்தவருக்காகக் காதிஷ் ஜெபம் சொல்லப் பத்துப் பேர் வேண்டும் என்பதற்கு மட்டும் தொற்றுநோயிலும் சலுகை கிடையாது. அந்தப் பத்து முகமும் திரையில் தெரிய வேண்டும், உயிரோடு அசைய வேண்டும், புகைப்படம் வைத்து ஏமாற்றக்கூடாது என்று ரபி தீர்ப்புச் சொல்லிவிட்டார். தினமும் காதிஷ் சொல்ல வேண்டியவள் டெனா. நமக்கெல்லாம் பள்ளிக்கூட ஷூ விற்ற மாரிஸின் மகள். ஆஸ்பத்திரியில் யாரையும் உள்ளே விடாத சமயத்தில் மாரிஸ் போனார், அவளால் கையைக்கூடப் பிடிக்க முடியவில்லை, அடக்கத்தைக் காரின் கண்ணாடிக்குள் இருந்துதான் பார்த்தாள். அப்பாவுக்கென்று அவளால் செய்ய முடிந்தது இந்தக் காதிஷ் ஒன்றுதான். பதினொரு மாதம், ஒரு நாள் விடாமல். ஆகவே பத்து முகம் சேர்ப்பது எங்களுக்கு எல்லாம் உயிர்ப் பிரச்சினை. சில நாள் பதினொன்று இருக்கும், பல நாள் சரியாகப் பத்து. சால் தன் டேப்லெட்டை எங்கே சாய்த்து வைக்கிறானோ தெரியாது, அவன் கட்டத்தில் எப்போதும் நெற்றி மட்டும்தான் தெரியும். ரபி கேட்டே விட்டார்.

"சால், முகம் தெரியலையே."

"நெத்தி முகத்துல சேந்ததுதானே ரபி? எங்கம்மா எனக்கு முத்தம் குடுத்ததே நெத்தியிலதான்."

"கண்ணாவது தெரியணும்."

"எந்தக் கண்ணு?"

ஒரு கண் போதும் என்று இரண்டு வாரம் வாதாடி ஜெயித்தான். அன்றிலிருந்து ஒரு கண்ணோடு வருகிறான். மைக் மூடுவதோடு முகம் எண்ணுவதும் என் வேலை. எண்ணுவது என்றால் நம் வழக்கப்படி ஆளை எண்ணக்கூடாதே, அதனால் "ஒண்ணு இல்லை, ரெண்டு இல்லை, மூணு இல்லை" என்று எண்ணாத மாதிரி எண்ணிக்கொண்டு போவேன். "பத்து இல்லை" என்று நான் சொன்னால் பத்துப் பேர் இருக்கிறார்கள் என்று அர்த்தம், டெனா எழுந்து நிற்பாள்.

இப்போது ஹென்னி ரூபெல் விஷயத்துக்கு வருகிறேன். பிர்ச் தெருவில், ரூபெல் ரொட்டிக் கடையில் நமக்கு உடைந்த பிஸ்கட்டைச் சும்மா கொடுப்பாரே, அந்த ஹென்னிதான். எண்பத்தெட்டு வயது, புருஷன் போய்ப் பதினாறு வருஷம், தனியாக இருக்கிறார். ஒரு நாள் தவறாமல் ஐந்தரை மணிக்கு வந்துவிடுவார். வருவது நல்ல விஷயம்தான், ஆனால் மைக்கை மூட மாட்டார். அவர் வீட்டுச் சுவர்க் கடிகாரம் எங்கள் எல்லோருக்கும் மணி அடிக்கும். அடுப்பில் சூப் கொதிப்பது கேட்கும். அவரவர் மனசுக்குள் நின்றபடி ஜெபிக்கிற அந்த நாலு நிமிஷ அமைதியில் கரண்டி கிண்ணத்தில் தட்டுகிற சத்தம் கேட்கும், அப்புறம் ஹென்னியின் குரல், "உப்பு பத்தலை." கடவுளிடம் சொல்கிறாரா தன்னிடமே சொல்கிறாரா என்று தெரியாது. சில நாள், "சால், நெத்திக்கு எண்ணெய் தடவுனியா, பளபளன்னு இருக்கு" என்பார். நான் மூடுவேன், அவர் திறப்பார். மறுபடி மூடுவேன், மறுபடி திறப்பார். ஒரு நாளைக்குப் பதினாலு தடவை. பொறுக்க முடியாமல் ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"ஹென்னி, ஜெபம் நடக்கும்போது மூடி வெச்சா என்ன? எல்லாரும் மூடறாங்கல்ல?"

"நான் ஒண்ணும் பேசலையே."

"நீங்க பேசலை, உங்க கெட்டில் பேசுது."

"அதுக்கும் ஜெபம் பண்ண ஆசை இருக்காதா?"

இப்படிப் பேசினால் என்ன செய்வது சொல்லு.

என்னவோ இன்றைக்கு டேப்லெட்டில் அநியாயத்துக்கு அமைதியாக இருக்கிறது. சால் நிறுத்திவிட்டான். எல்லோரும் வாய் நிறைய மீன் வைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது. நல்லது, நிம்மதியாக எழுதலாம்.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை. வெளியே முழங்கால் அளவு பனி. ஒன்பது பேரும் ஹென்னியுமாகச் சரியாகப் பத்து. அந்த மௌன ஜெபம் ஆரம்பித்த நேரம் பார்த்து அவர் கெட்டில் ஊதியது. ஊதியது என்றால் உனக்குப் புரியாது, ரயில் வீட்டுக்குள் வந்த மாதிரி. டெனா கண்ணை மூடி நின்றுகொண்டிருந்தாள். அவள் நெற்றி சுருங்கியதைப் பார்த்தேன். எனக்கு அன்றைக்கு முழங்கால் வேறு. கோபத்தோடுதான் அழுத்தினேன், அக்கா, அதை ஒத்துக்கொள்கிறேன். "இன்னிக்கு ஒரு நாள் மூடிட்டு இரு கெழவி" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டுதான் அழுத்தினேன். ஹென்னி திரையைப் பார்த்து ஏதோ சொன்னார், வாய் அசைந்தது, கேட்கவில்லை. பிறகு கெட்டிலை அணைக்க எழுந்து போனார். நாற்காலி காலியாக இருந்தது, அதன் முதுகில் அவருடைய பச்சைச் சால்வை.

ஜெபம் முடிந்தது. டெனா காதிஷுக்குத் தயாராக நின்றாள். நான் எண்ணாமல் எண்ணினேன். "எட்டு இல்லை, ஒம்பது இல்லை," அதற்கு மேல் முகம் இல்லை. எல்லோரும் ஹென்னிக்காகக் காத்திருந்தோம். பாத்ரூம் போயிருப்பார் என்றான் சால். அப்புறம் அவன் ஒரு விவாதத்தை எடுத்தான். நாற்காலி தெரிகிறது, சால்வை தெரிகிறது, ஆள் வீட்டில்தான் இருக்கிறார், இதை முக்கால் முகம் என்று வைத்துக்கொண்டால் தன் நெற்றியில் மிச்சம் இருப்பதைச் சேர்த்துக் கணக்கை நேர் பண்ணலாமே என்றான். ரபி முடியாது என்றார். ஏன் முடியாது என்று இவன் கேட்டான். இப்படியே போய்க்கொண்டிருந்தது. டெனா நின்றுகொண்டே இருந்தாள். நான் ஹென்னியின் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், இன்னும் காணோமே என்ற எரிச்சலில்தான், வேறு நல்ல எண்ணம் ஒன்றும் இல்லை. அப்போதுதான் கவனித்தேன், கட்டத்தின் ஓரத்தில் இருந்து வெள்ளையாக ஆவி வருகிறது. கொஞ்சம் கொஞ்சமாகச் சால்வை மங்குகிறது. கெட்டில் இன்னும் கொதிக்கிறது. ஹென்னி ஒரு தீக்குச்சியை வீணாக்க மாட்டார், கொதிக்கிற கெட்டிலை விட்டுவிட்டு எங்கே போவார்? மைக்கைத் திறக்கச் சொல்லி அவர் திரைக்கு ஏழெட்டுத் தடவை செய்தி அனுப்பினேன். மூட நான் போதும், திறக்க அவர் கைதான் வேண்டும், அந்த இயந்திரம் அப்படித்தான்.

"லோயிஸ், ஹென்னி பக்கத்து வீட்டுக்காரன் நம்பர் குடு" என்று கத்தினேன். பக்கத்து வீட்டில் டுவெய்ன் என்று ஒருவன், பள்ளி பஸ் ஓட்டுகிறான், ஹென்னி வாசலில் பனி தள்ளிக் கொடுப்பான், சாவியும் அவனிடம் இருக்கிறது. அவன் முகக்கவசத்தைப் போட்டுக்கொண்டு ஓடினான். நாங்கள் ஒன்பது பேரும் மூச்சு விடாமல் அந்த ஆவியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பூட்ஸோடு அவன் வருவது தெரிந்தது, குனிந்தான், எழுந்தான், ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தான், அப்புறம் எங்கள் பக்கம் திரும்பி ஏதோ சொன்னான். ஒன்றும் கேட்கவில்லை. பொத்தானைக் காட்டிக் காட்டிச் சைகை செய்தோம். அமுக்கினான். அடுப்படித் தரையில் இடுப்பு எலும்பு முறிந்து கிடந்த ஹென்னியின் முதல் வார்த்தை என்ன தெரியுமா?

"டெனா சொல்லிட்டாளா?"

"இல்ல ஹென்னி, நீங்க அசையாதீங்க, வண்டி வந்துட்டிருக்கு" என்றார் ரபி.

"வர்ற வரைக்கும் சும்மா கெடக்கணுமா? டுவெய்ன், அத இப்படித் திருப்பு. என் மூஞ்சி தெரியுதுல்ல? எண்ணு, இர்வின்."

எண்ணினேன். பத்து இல்லை. டெனா அழுதுகொண்டே காதிஷ் சொன்னாள், தரையில் கிடந்தபடி ஹென்னி ஒவ்வொரு ஆமெனும் சொன்னார், எங்கள் எல்லோரையும்விடச் சத்தமாக. டுவெய்ன் கர்த்தரை வேறு வழியில் கும்பிடுகிறவன், அவனும் தொப்பியைக் கழற்றிவிட்டு டேப்லெட்டைக் கோணலாகப் பிடித்தபடி ஆமென் சொன்னான். நம் ஜெபத்தில் தொப்பியைக் கழற்றக் கூடாது, போட்டுக்கொள்ள வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

வண்டி வந்து தூக்கிப் போகிற நேரத்தில்தான் சால் அதைச் சொன்னான். "உங்க கை பட்டு மைக் மூடிக்கிச்சு ஹென்னி. இத்தனை நாள் மூடாதவங்க இன்னிக்குப் போயி மூடுவீங்களா?" ஹென்னி ஸ்ட்ரெச்சரில் இருந்து திரையைப் பார்த்தார். "ஆமா, என் கைதான் பட்டிருக்கும்" என்றார். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் லோயிஸ் மாடியில் இருந்து, "நல்லவேளை எங்க வீட்டுக்காரர் கவனிச்சார்" என்றாள், டெனா எனக்கு நன்றி சொன்னாள், ரபி கண்ணைத் துடைத்துக்கொண்டார். திறந்த வாயை மூடிக்கொண்டேன். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மறுநாள் சொல்வது முதல் நாளைவிடக் கஷ்டமாக இருந்தது. மூன்றாம் நாள் சொல்வதற்கு வாய்ப்பே இல்லை.

மூன்றாம் நாள்தான் ஆஸ்பத்திரியில் இருந்து ஹென்னி போன் செய்தார். அறுவை நல்லபடியாக முடிந்துவிட்டது. சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்தவர் சொன்னார், "விழுந்ததும் உன் பேரத்தான் கூப்பிட்டேன், இர்வின். நீதானே எப்பவும் மொதல்ல கேக்கறவன். ஒரு கரண்டி விழுந்தாக்கூட உனக்குக் கேட்டுடும். நான் மைக்கத் தெறந்து வெச்சிருக்கறதே அதுக்குத்தானே. தனியா கெடக்கேன், நாள்ல ஒரு மணி நேரமாவது என் வீட்டுச் சத்தம் யார் காதுலயாவது விழணும்ல?"

பதினொரு நிமிஷம், அக்கா. அந்தப் பதினொரு நிமிஷமும் அந்த அம்மாள் சமையலறைத் தரையில் கிடந்து "இர்வின், இர்வின்" என்று கூப்பிட்டிருக்கிறார். நான் நேருக்கு நேர் அவர் நாற்காலியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், என் கையால் மூடிவிட்டு. நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? என் முழங்கால் வலியைப் பற்றிப் பேசினேன். பேசிவிட்டுப் போனை வைத்துவிட்டேன். அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. கெட்டில் ஊதினால் எழுந்து வெளியே போய்விடுகிறேன். வாயு என்று லோயிஸ் நினைத்துக் கஷாயம் போட்டுத் தருகிறாள்.

இதோடு விட்டார்களா? இல்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குச் சபை கூடி எனக்குப் பாராட்டு நடத்தப் போகிறது. வருஷத்தில் பெரிய அன்புச் செயல் செய்தவருக்கு என்று ரபி நாவா புதிதாக ஒரு விருதை ஏற்படுத்தியிருக்கிறார். பெயர் என்ன தெரியுமா, 'கேட்கும் செவி'. சால் இதற்காகத் தன் பட்டறையில் மேப்பிள் மரத்தில் ஒரு பெரிய காது செதுக்கிக்கொண்டிருக்கிறான். ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு என்று சொல்கிறான். கூடத்தில் மாட்ட வேண்டுமாம். என்னைப் பற்றிப் பேசப் போவது யார்? ஹென்னி. நடை பழக்குகிற இல்லத்துக்கு மாற்றியிருக்கிறார்கள், தொற்றுக்குப் பயந்து தனி அறை, பார்க்க யாருக்கும் அனுமதி இல்லை. போன வாரத்தில் இருந்து நர்ஸ் உதவியால் மறுபடி ஜெபத்துக்கு வருகிறார். இன்றைக்கும் வந்தார். எல்லோரும் அவரைச் செல்லமாகத் திட்டுகிறார்கள், "பொத்தானத் தொடாதீங்க ஹென்னி" என்று. அவரும் சிரித்துக்கொண்டு தலையை ஆட்டுகிறார். எனக்கு அந்தத் திரைக்குள் ஓர் ஓட்டை இருந்தால் இறங்கிப் போய்விடலாம் என்று இருக்கிறது.

அந்த மரக் காதை வாங்கிக்கொண்டு அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியாது, அக்கா. உண்மையைச் சொல்லவும் தைரியம் இல்லை. எழுபத்தாறு வயதில் கோழையாகப் பிடிபடுவது ரொம்பக் கேவலமாக இருக்கிறது. அதனால் நீ எனக்கு ஓர் உதவி செய்ய வேண்டும். சனிக்கிழமை பொழுது சாய்ந்து சபத் ஓய்வுநாள் முடிந்ததும் இங்கே போன் செய்து உனக்கு உடம்பு முடியவில்லை, தம்பி உடனே வர வேண்டும் என்று சொல். நெஞ்சுவலி வேண்டாம், லோயிஸ் அங்கே இருக்கிற டாக்டர்கள் எல்லோரையும் கூப்பிட்டுவிடுவாள். தலைச்சுற்றல் என்று சொல், அதை யாராலும் இல்லை என்று நிரூபிக்க முடியாது. குரல் கொஞ்சம் கம்மியாக இருக்கட்டும், ஆனால் லோயிஸுக்குக் கேட்கிற அளவு இருக்கட்டும். ஞாயிறு விடியற்காலையில் காரை எடுத்தேன் என்றால் திங்கள் ராத்திரிக்கு உன் வீட்டில் இருப்பேன். பூனை படுக்கிற அறையை எனக்கு ஒழித்துக் கொடு. அங்கிருந்தே ராஜினாமா எழுதிவிடுவேன். அவர்கள் வேறு ஒருவனைப் பார்த்துக்கொள்ளட்டும், ஆனால் ஒன்று, அவன் ஹென்னியின் மைக்கை மட்டும் தொடக்கூடாது. இதை ராஜினாமாவில் சிவப்பு மையில் எழுதுவதாக இருக்கிறேன். கரண்டிச் சத்தம் கேட்கட்டும், கடிகாரம் அடிக்கட்டும், உப்பு பத்தாமல் போகட்டும். அந்தச் சத்தம் எல்லாம் அவர் நன்றாக இருக்கிறார் என்பதற்கு அடையாளம் என்று இத்தனை நாள் எனக்கு விளங்கவில்லை.

கிழித்துப் போடு இந்தக் கடிதத்தை, வாசித்ததும். பூனைக்குக்கூடச் சொல்லாதே. உன் பக்கத்து வீட்டு ஆரஞ்சு மரங்களுக்கு என் விசாரிப்பு. மாத்திரைகளை நேரத்துக்குப் போட்டுக்கொள், படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கு. விழுந்தால் கேட்பதற்கு அங்கே யார் இருக்கிறார்கள் என்று இப்போதெல்லாம் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். கடவுள் உனக்கு நூற்று இருபது வயதைக் கொடுத்து, அதில் ஒரு நாளும் தனியாக விடாமல் இருக்கட்டும்.

என்றும் உன் அன்புத் தம்பி,
இர்வின் டெப்லிட்ஸ்

பின்குறிப்பு: அக்கா, உடம்பு முடியாமல் போக வேண்டாம். எழுந்து உட்கார்ந்துகொண்டு இதைப் படி.

மேலே கடவுள் உனக்கு நூற்று இருபது வயதைக் கொடுக்கட்டும் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதி முடித்தேன் அல்லவா, சொல்லி முடித்ததும் மேஜையில் இருந்து "ஆமென்" என்று சத்தம் வந்தது. ஒரு குரல் இல்லை. முன்னும் பின்னுமாகப் பல குரல். டேப்லெட்டைத் திருப்பினேன். இத்தனை மாதம் ஊரார் மைக்கை எல்லாம் மூடியவன் இன்றைக்குத் தன் மைக்கை மூடவில்லை. ஆரஞ்சு அழுகலில் இருந்து கடைசி வரி வரைக்கும் கேட்டிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்துவிடக்கூடாது என்று ஒவ்வொருவரும் தங்கள் மைக்கை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களாம். பத்து மாதமாக நான் தொண்டை கிழியக் கத்தியும் கற்றுக்கொள்ளாததை ஒரே சாயங்காலத்தில் கற்றுக்கொண்டுவிட்டார்கள். யாரும் எழுந்து போகவில்லை. மாடியில் லோயிஸும் தன் போனில் அதே கூட்டத்தில்தான் இருந்தாள். கஷாயத்தை நிறுத்திவிடுவதாகச் சொன்னாள். சாலின் முகம் முழுதாகத் தெரிந்தது, இரண்டு கண்ணும், தாடையும் கூட. "பெர்னிஸ் சௌக்கியமா?" என்று கேட்டான். சொல்லிவிட்டேன்.

எனக்கு டெனாவைப் பார்க்கவும் முடியவில்லை, ஹென்னியைப் பார்க்கவும் முடியவில்லை. ஹென்னியே பேசினார்.

"நீ மூடுனது எனக்கு அன்னிக்கே தெரியும், இர்வின். நடத்துபவர் உங்கள் மைக்கை மூடினார்னு பெருசா எழுதி வருமே. பதினாலு தடவையும் வரும்."

"அப்புறம் ஏன் உங்க கை பட்டுதுன்னு சொன்னீங்க?"

"இடுப்பு ஒடஞ்சு கெடக்கறேன். அதுல உன் மூஞ்சியையும் ஒடைக்கணுமா? போன்ல பேசினப்ப நீயா சொல்லுவேன்னு பாத்தேன். முழங்கால் கதையச் சொல்லிட்டு வெச்சுட்ட."

"கூப்பிட்டீங்களே ஹென்னி. பதினொரு நிமிஷம். எனக்குக் கேக்கலையே."

"கேக்கலை. ஆனா எல்லாரும் நெத்தியப் பத்திப் பேசிட்டிருந்தப்ப நீ ஒருத்தன்தான் என் நாற்காலியப் பாத்துட்டிருந்த. அது போதும் எனக்கு."

நான் அழுதேன், அக்கா. மைக் திறந்துதான் இருந்தது. யாரும் மூடவில்லை.

பாராட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். காதை எப்படியும் மாட்டத்தான் போவதாகச் சால் சொன்னான், கடைசிப் பாலிஷ் கூடப் போட்டாகிவிட்டதாம். பக்கத்தில் ஒரு வாயும் மாட்ட வேண்டும், அது மூடியிருக்க வேண்டும், அதற்கு இன்னும் ஒரு வாரம் ஆகும் என்றான். ராஜினாமாவை ரபி நாவா ஏற்கவில்லை.

ஏழேகாலுக்கு எல்லோரும் கிளம்பினார்கள். ஹென்னி மட்டும் போகவில்லை. அந்த இல்லத்தில் கதவுக்கு ரப்பர் வைத்து அடைத்திருக்கிறார்களாம், ஒரு சத்தமும் வராதாம், அதிலேயே தலை வலிக்கிறது என்றார். "நீ ஒண்ணும் பேச வேணாம், இர்வின். மைக்க மூடாம வெச்சிட்டு உன் வேலையப் பாரு. ஒரு வீட்டுச் சத்தம் கேட்டா போதும்" என்றார். அதனால் திறந்து வைத்துவிட்டுத்தான் இந்தப் பின்குறிப்பை எழுதுகிறேன். லோயிஸ் சமையலறையில் சூப் கிண்டுகிறாள், கரண்டி பாத்திரத்தில் தட்டுகிறது. உப்பு பத்தவில்லை என்கிறார் ஹென்னி. லோயிஸிடம் சொன்னேன், போட்டுவிட்டாள்.

இர்வின்